கதை எழுதவும் திருத்தவும் பழக: மதுரையில் பட்டறையா, குழுவா, இணைய வகுப்பா, அச்சகமா?

ஆறு மாதம், வாரத்துக்கு ஆறேழு மணி நேரம், கையில் ஐயாயிரம் ரூபாய். சிறுகதை எழுதவும், எழுதியதைத் திருத்தவும் பழக நினைக்கிறவரிடம் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான். இதை எங்கே போடுவது?

கட்டணத்தையும் நடத்துகிறவரின் பெயரையும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகத்தான் போகும். இரண்டு கணக்குப் போதும். நீங்கள் எழுதியதில் எத்தனை பக்கம் இன்னொருவரின் பேனாக் கோடுகளோடு உங்களிடம் திரும்பி வரும்? அடுத்தவர் எழுதியதில் எத்தனை பக்கம் உங்கள் பேனாவுக்கு அடியில் போகும்? முதலாவது எழுதப் பழக்கும், இரண்டாவது திருத்தப் பழக்கும். தன் எழுத்தில் கண்ணுக்குப் படாத கோளாறு அடுத்தவர் எழுத்தில் பளிச்சென்று தெரியும். அதைப் பல மாதம் பார்த்துப் பழகிய பிறகுதான் கண் தன் பக்கத்துக்குத் திரும்பும்.

எந்த வழி என்ன செய்யும் என்று பார்க்க ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். மாதிரிக்காக எழுதியதுதான், ஆனால் முதல் கதைகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்.

"அதிகாலை நேரத்தில் ஆரப்பாளையம் பேருந்து நிலையம் மிகவும் பரபரப்பாகக் காணப்பட்டது. மக்கள் அங்கும் இங்கும் ஓடிக் கொண்டிருந்தனர். முருகேசன் மிகுந்த சோகத்துடன் தேனி பேருந்துக்காகக் காத்துக் கொண்டிருந்தான். அவனது கையில் ஒரு பை இருந்தது. அந்த பையில் அவனது அப்பாவின் பழைய சட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அவனது கண்கள் கலங்கின."

நல்ல திருத்தத்துக்குப் பிறகு இது இப்படி வரலாம்:

"தேனி பஸ் இரண்டு போய்விட்டது. முருகேசன் ஏறவில்லை. மடியில் இருந்த மஞ்சப்பையின் வாயைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தான். உள்ளே அப்பாவின் சட்டை. அதன் ஜேபியில் பீடிக்கட்டு அப்படியே இருந்தது."

நடந்தது என்ன? 'காணப்பட்டது' என்பது செய்தி எழுதுகிறவரின் சொல், கதைசொல்லிக்கு ஆகாது. பரபரப்பைச் சொல்லும் இரண்டு வாக்கியமும் எந்த பஸ் ஸ்டாண்டுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் காட்டாது. 'மிகுந்த சோகம்', 'கண்கள் கலங்கின' இரண்டும் போய், அவன் பஸ்ஸில் ஏறாதது அந்த வேலையைச் செய்கிறது. 'சட்டைப்பை' என்று எழுதியிருந்தால் மஞ்சப்பையோடு மோதும், அதனால் 'ஜேபி'. இன்னும் ஒன்று பாக்கி. 'பஸ் இரண்டு போய்விட்டது' என்பது ஒருமை, இலக்கணப்படி 'போய்விட்டன'. கதைசொல்லி முருகேசனின் காதருகே நின்று பேசுகிறவர் என்றால் ஒருமையை விடலாம். விடுவதானால் கதை முழுக்க அதே கணக்குத்தான். இந்த மாதிரி முடிவுகளை ஒரு தனித்தாளில் குறித்துக்கொண்டே போகவேண்டும்: பஸ்ஸா பேருந்தா, அப்பாவா ஐயாவா, எண்ணுக்கு ஒருமையா பன்மையா. தாள் இல்லாமல் திருத்தினால் ஐந்தாம் பக்கத்தில் பேருந்து மறுபடி வந்து நிற்கும்.

இனி இந்தப் பத்தியை ஒவ்வொரு வழியாக அனுப்பிப் பார்க்கலாம்.

பட்டறை

முப்பது பேர், இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 720 நிமிடம். பாதி சொற்பொழிவுக்குப் போய்விடும். மீதி 360ஐ முப்பதால் வகுத்தால் ஆளுக்கு 12 நிமிடம். 2000 சொல் கதையை வாய்விட்டுப் படிக்கவே இருபது நிமிடம் ஆகும். ஆகவே முருகேசன் பத்தி அங்கே படிக்கப்பட்டாலும் 'நல்லா இருக்கு, இன்னும் சுருக்கலாம்' என்பதற்கு மேல் எதுவும் வராது. நடத்துகிறவரின் குறை என்று இதைச் சொல்லமுடியாது, நேரம் அவ்வளவுதான்.

பட்டறையால் பயனே இல்லை என்பதில்லை. அங்கே ஆட்கள் கிடைப்பார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் கதையைக் கவனமாகக் கேட்டு, ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கிறவரின் எண்ணை வாங்கி வந்தால் கட்டணம் தேறிவிடும். ஐந்தாறு கதை முடித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த 12 நிமிடமும் பயன்படும், எதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றுமே எழுதாமல் போகிறவருக்கு இரண்டு வாரம் நீடிக்கும் உற்சாகம் மட்டுமே மிச்சம். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது மாலை மேடைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு அதையே பயிற்சி என்று எண்ணிக்கொள்வதும் இதே வகைதான்.

சேரும் முன் கேட்கவேண்டிய கேள்வி: "கதையை முன்கூட்டியே அனுப்பினால் குறிப்பு எழுதித் தருவீர்களா?" ஆம் என்று பதில் வந்தால் யோசிக்கலாம்.

இணைய வகுப்பு

பதிவுசெய்த காணொளி மட்டும் தரும் வகுப்பில் திரும்பி வரும் பக்கம் சுழியம். அதை விட்டுவிடலாம். நேரலை வகுப்பு, வாரம் ஒரு கதை, கோப்பில் திருத்தக் குறிப்பு என்று இருந்தால் மதிப்பு உண்டு. பேரையூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்துகொண்டு, மாலைக் கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் கவலையோடு மதுரைக்கு வரமுடியாதவருக்கு இதுதான் வழி. கைக்குழந்தை வைத்திருக்கிறவருக்கும், இரவு ஷிப்டு பார்க்கிறவருக்கும் அப்படியே.

இதில் வரும் சிக்கல் வட்டார மொழி. திருத்துகிறவர் வேறு வட்டாரத்துக்காரர் என்றால் மஞ்சப்பை 'மஞ்சள் பை' ஆகிவிடும், 'அங்கிட்டு' 'அங்கே' ஆகிவிடும். மஞ்சள் பை என்றால் நிறம், மஞ்சப்பை என்றால் பொருள், இரண்டும் வேறு. கணினிப் பிழைதிருத்திகளும் செயற்கை அறிவு அரட்டைச் செயலிகளும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கின்றன. 'கதையை மேம்படுத்து' என்று கொடுத்தால் வாக்கியங்கள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வெட்டப்பட்ட வேலிச்செடி மாதிரி வந்து நிற்கும். பிழைப் பட்டியல் மட்டும் கேட்டு வாங்கி, கையால் ஏற்றுவது நல்லது.

பணம் கட்டும் முன், முன்பு திருத்திக் கொடுத்த ஒரு பக்கத்தைப் பெயர் மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் 'அருமை', 'சுருக்கவும்' என்று மட்டும் இருந்தால் வேண்டாம். 'இந்த வாக்கியமும் மேலே மூன்றாவதும் ஒரே தகவல்' என்கிற மாதிரி இருந்தால் சேரலாம்.

ஐந்து பேர் குழு

ஆறு மாதத்துக்கு ஒன்றையே தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வோம். கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர், மாதம் இரண்டு கூடுகை, ஒவ்வொன்றிலும் இரண்டு கதை. ஆறு மாதத்தில் 24 கதை. ஆளுக்கு நாலைந்து முறை வரும். 2000 சொல் கதை ஏ4 தாளில் இரட்டை வரி இடைவெளியோடு எட்டுப் பக்கம் என்றால், நாலு முறைக்கே எட்டுப் பக்கம் வீதம் நாலு பேர் கையால் 128 பக்கம் குறிப்போடு உங்களிடம் திரும்பும். நீங்கள் கோடு போடும் பக்கம் ஏறக்குறைய 150. வேறு எந்த வழியிலும் இரண்டு கணக்கும் ஒருசேர இந்த அளவுக்கு ஏறாது. செலவு ஜெராக்ஸ்தான். பக்கம் 2 ரூபாய் என்றாலும் ஐந்து படிக்கு 80 ரூபாய்.

ஆனால் பத்துக் குழு தொடங்கினால் பெரும்பாலானவை மூன்றாம் மாதத்தைத் தாண்டுவதில்லை. காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

வாய்விட்டுப் படித்துக் காட்டுவது முதல் காரணம். குரல் நன்றாக இருந்தால் கதையும் நன்றாகத் தோன்றும். நிறுத்தக்குறி, சந்தி, பத்தி பிரித்தல் எதுவும் காதில் விழாது. அச்சுப்படியை மூன்று நாள் முன்னதாகக் கொடுக்கவேண்டும். எழுத்து 13 புள்ளி, வலது ஓரம் ஐந்து சென்டிமீட்டர், பக்க எண் கட்டாயம். பக்க எண் இல்லாமல் 'அந்த மாமா வர்ற இடம்' என்று தேடியே கால் மணி நேரம் போய்விடும்.

அடுத்தது, எழுதியவர் விளக்கம் சொல்வது. 'அது எதுக்குன்னா...' என்று ஆரம்பித்தால் போயிற்று. ஒரு கதைக்கு ஒரு மணி நேரம். முதல் நாற்பது நிமிடம் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, குறித்துக்கொள்ளலாம். அடுத்த பத்து நிமிடம் அவர் கேட்கலாம், வாதாடக் கூடாது. கடைசிப் பத்தில் படிகளைத் திருப்பி வாங்கவேண்டும். வாட்ஸ்அப்பில் கருத்துச் சொல்வதை விதியாகவே தடுத்துவிடுங்கள். கும்பிடும் கட்டைவிரலும்தான் வரும்.

மூன்றாவது மரியாதைச் சிக்கல். குழுவில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இன்னொருவர் அவரிடம் படித்தவர் என்றால், 'ஐயா கதைல நாலாம் பக்கம் தேவையில்லை' என்று சொல்ல நாக்கு வராது. வழி எளிது: தீர்ப்புச் சொல்லாமல், படித்தபோது நடந்ததை மட்டும் சொல்வது. 'நாலாம் பக்கத்துல ரெண்டு தடவை கண்ணை எடுத்துட்டேங்கய்யா' என்றால் யாருக்கும் வலிக்காது, தகவலும் போய்ச்சேரும். பேச்சு இளையவரிடம் தொடங்கி மூத்தவரிடம் முடியவேண்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

நாலாவது, அடுத்தவர் கதையைத் தன் கதையாக மாற்றி எழுதுவது. நன்றாக எழுதுகிறவர்களிடம்தான் இந்தக் கோளாறு அதிகம். எங்கே தடுக்குகிறது என்று காட்டவேண்டும். எப்படி எழுதலாம் என்று கேட்டாலொழியச் சொல்லக் கூடாது.

ஐந்து பேரும் எழுத்தாளர்களாக இருக்கவேண்டியதில்லை. ஒருவராவது வெறும் வாசகராக இருப்பது நல்லது. உள்ளூர்க்காரர்களாக இருப்பதன் பலன் முருகேசன் பத்தியிலேயே தெரியும்: அவன் சென்னைக்குப் போவதாக எழுதியிருந்தால், "அதுக்கு மாட்டுத்தாவணியில்ல போகணும்" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மகால் பக்கம் குடியிருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது வீட்டுக்குள் எந்த மொழி, வாசலில் எந்த மொழி என்று கேட்பார்கள். 'மதினி' என்று கூப்பிடும் வீட்டில் ஐந்தாம் பக்கம் 'அண்ணி' வந்தால் பிடிப்பார்கள். 'ஏலே'யும் 'ஏனுங்க'வும் ஒரே மேலூர்க்காரர் வாயில் வந்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புப் பல பக்கக் குறிப்புக்குச் சமம்.

இடம்? நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் படிக்க அருமையான இடம். வாசிப்புத் தளத்தில் உட்கார்ந்து விவாதிக்க முடியாது. அங்கே படித்துக் குறிப்பெழுதிவிட்டு, கூடுகையை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. டீக்கடை சரிப்படாது, படியில் டீ சிந்தும் என்பதைவிட அரை மணிக்கு மேல் உட்கார விடமாட்டார்கள்.

அச்சகம், மெய்ப்பு

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பதை, அதாவது அச்சேறும் முன் படியில் பிழை பார்த்துக் கொடுப்பதை, யாரும் பயிற்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை. திருத்தப் பழக இதைவிடக் கறாரான பள்ளி கிடையாது என்பது எங்கள் கணிப்பு. உங்கள் பக்கம் ஒன்றுகூடத் திரும்பி வராது. ஆனால் அடுத்தவர் பக்கம் நூற்றுக்கணக்கில் கடக்கும். கல்லூரி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், உள்ளூர்க் கவிஞரின் தொகுப்பு எதுவானாலும் சரி. 'ஒரு ஃபாரம் சும்மா பார்த்துத் தர்றேன்' என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஃபாரம் என்றால் 16 பக்கம். டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல். தொடக்கத்தில் மணிக்கு ஐந்தாறு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வேகம் கூடினால் கண் எழுத்தை விட்டுவிட்டுப் பொருளைப் படிக்கத் தொடங்கிவிடும், பிழை தப்பிவிடும்.

முதலில் மூலப்படியோடு வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். விடுபட்ட வரி அப்போதுதான் தெரியும். விடுபட்டதைத் தனியாகப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாம் சுற்றில் மூலப்படியை மூடி வைத்துவிட்டு எழுத்து, சந்தி, நிறுத்தக்குறி. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் தேடவேண்டியவை தனி: துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் 'ர', ஔகாரக் குறியின் பின்பாதியாக 'ள', கொம்பு மட்டும் தனியாக வரிக்கடைசியில். திருத்தம் ஏற்றிய பிறகு மூன்றாம் சுற்று. ஒரு பிழையைத் திருத்தும்போது அதே வரியில் இன்னொன்று முளைக்கும் என்பதால், திருத்திய வரியின் மேல்வரி கீழ்வரியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சந்தி இங்கேதான் கைக்கு வரும். நூலைப் புரட்டி மனப்பாடம் செய்வதைவிட நாலு இணைகளைச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்: 'எடுத்துக் கொடுத்தான்', ஆனால் 'வந்து கொடுத்தான்', 'படிக்கச் சொன்னான்', ஆனால் 'படித்த சிறுகதை', 'அந்தப் பையன்', ஆனால் 'அது போனது'. நாலாவது 'வேலை கொடு', 'வேலைக் கொடு': முதலாவது பிழைப்பு, இரண்டாவது திருப்பரங்குன்றத்து முருகன் கையில் இருப்பது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற சந்தேகத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மேசையில் இருக்கட்டும். 1992இல் வந்தது, 2008, 2020 பதிப்புகள் விரிந்தவை.

முருகேசன் பத்தியை மெய்ப்புக்காரரிடம் கொடுத்தால் 'அந்த பையில்' என்பதற்கு ஒரு 'ப்' போடுவார், 'பார்க்கும் போதெல்லாம்' என்பதைச் சேர்ப்பார், 'காத்துக் கொண்டிருந்தான்' என்பதன் இடைவெளியைக் கேட்பார். 'காணப்பட்டது' அப்படியே நிற்கும், அது அவர் வேலை இல்லை. அதனால் அச்சகம் மட்டும் போனவர் பிழையில்லாத மோசமான கதை எழுதுவார். குழுவோடு சேர்த்துச் செய்தால்தான் இதன் பலன் கதைக்கு வரும்.

மற்றவை

தமிழ் முதுகலை: 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ்க் கல்லூரி, தியாகராசர், அமெரிக்கன், லேடி டோக் என்று ஊரில் இடத்துக்குக் குறைவில்லை. இலக்கணமும் இலக்கிய வரலாறும் உறுதியாகக் கிடைக்கும். கதையைத் திருத்தக் கற்பது அதன் நோக்கம் அல்ல. வேலைக்காகப் படிக்கலாம், கதைக்காக இரண்டு வருடம் போடவேண்டாம்.

தனியாகப் படிப்பது: சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் போதும், செலவில்லை. பிடித்த சிறுகதை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பத்தியும் என்ன புதிதாகத் தருகிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒரு பத்தியை மூடிவிட்டுப் படித்து, எது உடைகிறது என்று பாருங்கள். மாதம் இரண்டு கதை போதும். இதை எந்த வழியோடும் சேர்த்துக்கொள்ளலாம். இது மட்டும் என்றால் உங்கள் பக்கம் திரும்பி வராது.

சம்பளத்துக்குத் திருத்துநர்: விலை கூடுதல், ஒரே கதையில் கற்பது அதிகம். முதலில் மூன்று பக்கம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிழைதிருத்தமா, மொழியைச் சீராக்குவதா, கதையின் கட்டுமானத்தையே பார்ப்பதா என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் கூலி வேறு. பேசாமல் விட்டால் மூன்றாவதை எதிர்பார்த்து முதலாவதை வாங்குவீர்கள். திருத்திய கோப்பு வந்ததும் 'அனைத்தையும் ஏற்கவும்' பொத்தானை அமுக்கினால் கொடுத்த பணம் போயிற்று. ஒவ்வொரு திருத்தத்தையும் காரணம் யோசித்துக் கையால் தட்டி ஏற்றவேண்டும். ஏற்காததற்கும் காரணம் எழுதவேண்டும்.

யாருக்கு எது

தொடங்கிய கதைகள் ஆறு, முடித்தது ஒன்றும் இல்லை என்றால் குழுதான். உங்கள் முறை வரும் தேதி தலைக்கு மேல் தொங்கினால்தான் முடிப்பீர்கள். முடிக்கிறீர்கள், முதல் படியும் கடைசிப் படியும் ஒன்றாகவே இருக்கிறது என்றால் குழுவோடு வாரம் ஒரு மாலை அச்சகம். கதை நன்றாக இருந்தும் பிழையால் திரும்பி வருகிறது என்றால் முதல் மூன்று மாதம் அச்சகம் மட்டும். ஊரும் நேரமும் ஒத்துவரவில்லை என்றால் நேரலை இணைய வகுப்பு, அதில் கிடைக்கும் மூன்று பேரோடு வகுப்பு முடிந்தபின் குழு.

ஐயாயிரத்தில் ஜெராக்ஸுக்கு நானூறு. அகராதி வாங்கலாம், நூலகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். மீதியைத் தொடாமல் வைத்திருந்து ஐந்தாம் மாதம் ஒரே ஒரு கதைக்குத் திருத்துநரை அமர்த்துங்கள். குழு ஒருமனதாகப் பாராட்டியதை அவரிடம் அனுப்பவேண்டாம். நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்ட கதையை, அவர்கள் குறித்த படிகளைக் காட்டாமல் அனுப்புங்கள். குறிப்பு வந்த பிறகு ஐந்தையும் ஒரு மேசையில் பரப்பி, எந்த எந்த வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட பேனா நின்றிருக்கிறது என்று எண்ணுங்கள். வேலை அந்த வரிகளிலிருந்து தொடங்கும்.